மூன்றாவது கோட்டை

"நீ வந்தாத்தான் நான் போவன்" என்று அக்கா தொலைபேசியில் சொன்னபோது அதைப் பாசம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் கல்யாண நாள் பரிசாகப் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து இத்தாலிப் பயணம் ஒன்றை ஒழுங்குசெய்திருந்தார்கள். அத்தானுக்குப் பழைய கோட்டைகள் என்றால் பைத்தியம். றிச்மண்ட் ஹில் வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்துகொண்டு, எந்தக் கோட்டையை யார் முற்றுகையிட்டான், எந்தச் சுவர் எப்படி இடிந்தது என்று மணிக்கணக்காக வீடியோ பார்ப்பார். மகள் அதற்கேற்ற இடமாகத் தேடிப் பிடித்திருந்தாள். இத்தாலியின் வடமேற்கில், குன்றுக்கு ஒரு கோட்டையும் கோட்டையைச் சுற்றித் திராட்சைத் தோட்டமுமாக இருக்கிற வைன் பிரதேசம். அறுவடைக் காலம் பார்த்துத்தான் நாளும் குறித்திருந்தாள். என் கணவருக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. "உன்ரை அக்கா ஆசைப்பட்டுக் கேக்கிறா, நீ போயிட்டு வா" என்றார்.

அத்தானைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் கனடாவுக்கு அகதியாக வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் கையில் ஒரு குளிர்ச்சட்டையோடு நின்றவர் அவர். பார்க்டேலில் அவர்களுடைய ஒற்றையறை அபார்ட்மென்டில், கட்டிலை எனக்கும் அக்காவுக்கும் விட்டுவிட்டு அந்தக் குளிர்காலம் முழுக்க நிலத்தில் படுத்தார். என் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவரும் அவர்தான். அவரைப் போல ஒரு மனிசன் கிடைக்காது என்று நானே பலபேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் பொய் இல்லை.

குடிப்பார். அதுவும் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் அடிதடி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. குடித்தால் சிரிப்பும் கதையும் கூடும். ஆனால் எவ்வளவு குடித்தாலும் காரை அவர்தான் ஓட்டுவார். அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. முன் சீற்றில், கதவுக்கு மேலே இருக்கிற பிடியைப் பிடித்தபடி வீடு போய்ச் சேரும்வரை அப்படியே இருப்பா. ஒரு குளிர்காலத்தில் கார் மின்கம்பத்தில் மோதி அக்காவின் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. "ஸ்னோவிலை வழுக்கிப்போட்டுது" என்று சொன்னார்கள். அன்றைக்கு ஸ்னோ கொட்டியதாக எனக்கு நினைவில்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

மிலானில் இறங்கி வாடகைக் காரை எடுக்கப் போனோம். தந்தது கியர் கார். ரொறன்ரோவில் நான் தினமும் ஹைவேயில் கார் ஓடுகிறவள்தான், ஆனால் ஓட்டோமற்றிக் மட்டும்தான் தெரியும். வேறு கார் இல்லையா என்று கேட்டேன். முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டுமாம். அத்தான் சிரித்தார்.

"மச்சாள், நான் ஊரிலை லொறி ஓடினவன். நீர் பின்னாலை இருந்து வேடிக்கை பாரும்."

அக்கா தன் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன் சீற்றில் ஏறினா.

முதல் இரண்டு நாளும் நன்றாகத்தான் போயின. தோட்டங்களுக்கு நடுவில் ஒரு பண்ணை வீட்டில் அறைகள் எடுத்திருந்தோம். காலையில் பள்ளம் முழுக்க மூடுபனி நிற்கும். வெயில் ஏற ஏற ஒவ்வொரு குன்றாக வெளியே வரும், ஒவ்வொன்றின் தலையிலும் செங்கல் நிறத்தில் ஒரு கோட்டை. ஊரெல்லாம் பழம் புளிக்கிற மணம். "முந்திரிகைக்குப் பந்தலே போடாமல் வேலியிலை கட்டி விட்டிருக்கிறாங்கள்" என்று அக்கா திராட்சைக் கொடிகளைப் பார்த்து அதிசயப்பட்டா. அத்தான் வழிநெடுக விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் சொல்லும்போது அந்தச் சுவர்கள் உயிரோடு இருப்பது போலத்தான் இருக்கும். இரவில் பண்ணை வீட்டில் குடித்துவிட்டுப் படுத்தார். வீதியில் கார் ஓட வேண்டி இருக்கவில்லை.

மூன்றாம் நாள் மூன்று கோட்டைகள் பார்ப்பது என்று திட்டம் போட்டிருந்தார்.

முதல் கோட்டையின் அடியில் வைன் நிலவறை ஒன்று இருந்தது. மத்தியானம்கூட ஆகவில்லை. சுவை பார்க்கத் தருவதை வாயில் வைத்துவிட்டுத் துப்புவதற்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். மற்றவர்கள் துப்பினார்கள். அத்தான் ஒரு சொட்டும் துப்பவில்லை. அக்காவின் கிளாசையும் வாங்கிக் குடித்தார். பிறகு என்னுடையதையும். "வீணாக்கக் கூடாது" என்றார். காரில் ஏறும்போது நன்றாகத்தான் நடந்தார்.

இரண்டாவது கோட்டையில் சாப்பாட்டோடு ஒரு போத்தலை முழுதாக முடித்தார். அதற்குப் பிறகும் கீழே நிலவறைக்குப் போகவேண்டும் என்று நின்றார். அங்கே ஊற்றிக் கொடுத்தது கழுத்தில் கண்ணாடி தொங்கவிட்ட ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். அத்தான் மூன்றாவது கிளாசை நீட்டியபோது அவள் என் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டாள், "கார் ஓட்டுவது இவரா?"

நான் "ஓம்" என்று தலையாட்டினேன்.

அவள் போத்தலைக் கீழே வைத்துவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீரை அவர் முன்னால் தள்ளினாள்.

அத்தானின் முகம் மாறியது. பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரர்களைக் காட்டினார். "அவங்களுக்கு ஊத்துறாய். எங்களுக்கு மட்டும் தண்ணியோ? நாங்கள் காசு குடுக்கேல்லையோ?" என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டார். கல் மண்டபம், குரல் சுவர்களில் அடித்துத் திரும்பி வந்தது. எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். அந்தப் பெண் அசையவில்லை. நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

"அத்தான், கொஞ்ச நேரம் இருந்திட்டுப் போவம். கோப்பி குடிப்பம்."

"நீதானே அவளுக்கு ஏதோ சொன்னனி? எனக்கு விளங்காதெண்டு நினைச்சியோ?"

அவர் என்னை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்ததும், நான் காரை ஓடிப் பார்க்கிறேன் என்றேன். "கிளச் எது, பிறேக் எது எண்டு தெரியுமோ உனக்கு? மலையிலை உருட்டிக் கொல்லப் போறியோ எங்களை?" என்றார். அந்த மலைப்பாதையில் அந்தக் காரை என்னால் ஓட்ட முடியாதுதான். அக்காவைப் பார்த்தேன். அவ ஏற்கெனவே முன் கதவைத் திறந்துவிட்டா.

அந்தப் பாதையை நினைத்தால் இப்போதும் என் கால்கள் தாமாகவே பிறேக்கை மிதிக்கும். ஒரு கார் போகவே அளவான அகலம். ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் ஒன்றும் இல்லை, தடுப்புக்கூட இல்லை, கீழே திராட்சை வரிசைகள் சரிந்து சரிந்து போயின. வீதி முழுக்க ட்ராக்டர் சக்கரங்கள் கொண்டுவந்து போட்ட ஈரமண். அத்தான் பேசவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. குடித்தால் பேசுகிற மனிதர்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் ஹோர்ன் சத்தம் கேட்டது. நீளமாக, விடாமல். நான் முன் கண்ணாடியில் கண்டது ட்ராக்டரின் மூக்கைத்தான். அக்கா அவருடைய பெயரைச் சொல்லிக் கத்தினா. அவ தன் புருசனின் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அத்தான் சட்டென்று திருப்பினார். பின்சக்கரம் ஒன்று வீதியை விட்டு இறங்கிச் சரளைக்கல்லில் சுற்றியது. காரின் பின்பக்கம் ஒருதரம் கீழே பதிந்தது. பிறகு எப்படியோ பிடித்து மேலே ஏறிவிட்டது.

ட்ராக்டர் நின்றது. அதை ஓட்டி வந்த கிழவன் இறங்கவில்லை. இரண்டு கையையும் ஸ்டியறிங்கில் வைத்தபடி எங்களையே பார்த்தான். பின்னால் பெட்டியில் இருந்து பழக்குலைகள் வீதியில் சிதறியிருந்தன.

அத்தான் சிரித்தார். "பாத்தியளோ, லொறி ஓடினவன் கை" என்றார்.

மூன்றாவது கோட்டை அந்தப் பாதையின் முடிவில்தான் இருந்தது. காரை நிறுத்தியதும் நான் இறங்கி மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கணவருக்குத் தொலைபேசி எடுக்கலாமா என்று யோசித்தேன். எடுத்து என்ன சொல்ல? அவர் ஸ்காபரோவில் இருந்து என்ன செய்வார்? இங்கிருந்து பண்ணை வீட்டுக்குத் திரும்பிப் போகவும் அதே பாதைதான்.

"கோபுரத்திலை ஏறிப் பாப்பம்" என்று அக்கா சொன்னா.

எனக்கு ஆச்சரியம். அக்காவுக்குப் படி ஏறினால் முழங்கால் வலிக்கும். முந்தைய நாட்களில் எல்லாம் கீழே இருந்துவிட்டு, நாங்கள் வரும்வரை காத்திருந்தவ. ஆனால் அன்றைக்கு அவதான் முன்னால் ஏறினா. அத்தான் சுவரில் கையை ஊன்றி ஊன்றி வந்தார். நான் கடைசியாக, அவர் விழுந்தால் பிடிக்கலாம் என்று அவருக்குப் பின்னால்.

மேலே நல்ல காற்று. சுற்றிவர இடுப்பளவு கற்சுவர். குன்றுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன, பள்ளத்தில் மறுபடியும் பனி கட்டத் தொடங்கியிருந்தது. எங்களோடு நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் பெண்ணும் ஏறி வந்திருந்தாள். அத்தானுக்கு மூச்சு வாங்கியது. அந்த நிலையிலும் சுவரில் இருந்த ஓட்டைகளைக் காட்டி, அதற்குள்ளால்தான் அம்பு விட்டார்கள் என்று எனக்குச் சொன்னார். எங்களுக்குள் ஒன்றுமே நடக்காதது போல.

"இஞ்சாருங்கோ, எனக்குக் குளிருது" என்றா அக்கா. "கோட் காருக்குள்ளை. திறப்பை ஒருக்காத் தாங்கோ."

அத்தான் காற்சட்டைப் பையில் இருந்து கார்ச் சாவியை எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு மறுபடியும் என் பக்கம் திரும்பினார்.

அக்கா படியை நோக்கிப் போகவில்லை. சுவர் ஓரமாக இரண்டடி நடந்தா. கையைப் பின்னால் கொண்டுபோய், கிணற்றுக்குள் கல் எறிகிற பிள்ளை மாதிரி, முழு வேகத்தோடு திறப்பை வெளியே எறிந்தா. அது ஒருதரம் வெயிலில் மின்னியது. பிறகு கீழே பச்சைக்குள் போய்விட்டது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

நான் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன செய்தனி?" அத்தானின் குரல் முதலில் மெதுவாகத்தான் வந்தது. பிறகு கத்தினார். "உனக்கு விசரே? என்ன செய்தனி எண்டு தெரியுமே?" அவருடைய கை மேலே போனது. நான் இடையில் போனேன். அந்தச் சீட்டுக்காரப் பெண்ணும் எதையோ சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓடிவந்தாள். கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அவர் தன் கையைத் தானே பார்த்தார். பிறகு இறக்கினார்.

அக்கா பின்வாங்கவில்லை. "நீங்கள் ஓடுற காரிலை நான் இனி ஏறமாட்டன்" என்றா. "இஞ்சையும் இல்லை, கனடாவிலையும் இல்லை. குடிச்சாலும் இல்லை, குடிக்காட்டிலும் இல்லை. இப்ப நான் நடந்துதான் போகப் போறன்."

சொல்லிவிட்டுப் படியில் இறங்கினா. ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துப் பிடித்து.

அத்தான் திறப்பைத் தேடப் போனார். நாங்கள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கோட்டை மதிலுக்கு வெளியே வந்து வேலி இடைவெளியால் தோட்டத்துக்குள் இறங்கினார். செங்குத்தான சரிவு, ஈரமண். ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து குனிந்து போவது கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு பனி மேலே ஏறிவந்தது. அவருடைய நீலச் சட்டை மங்கி, இல்லாமல் போய்விட்டது.

சீட்டுக்காரப் பெண் அக்காவுக்கு உட்கார ஒரு கதிரையும் தன்னுடைய சால்வையையும் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா வாசலில் இருந்து அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டு இருந்தா. அத்தானின் தொலைபேசி, எங்களுடைய பைகள் எல்லாமே பூட்டின காருக்குள். கூப்பிட்டால் பதில் இல்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. அறுபதைத் தாண்டினவர், குடிவெறியில் இருக்கிறவர், கண் தெரியாத பனிக்குள் சரிவில்.

"அக்கா, நான் போய்ப் பாக்கிறன்."

"விழுந்து கிழுந்து போடாதை" என்றா. பிறகு, நான் வேலியடிக்குப் போனபிறகு, பின்னாலிருந்து சொன்னா. "அவரைக் கூட்டிக்கொண்டு வா."

கொடி கட்டிய கம்பிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். சப்பாத்து இரண்டும் சேற்றில் புதைந்தன. "அத்தான்! அத்தான்!" என்று கூப்பிட்ட குரல் பஞ்சுக்குள் போவது போல எங்கேயோ அடங்கிப்போனது. ஒரு தடவை வழுக்கி, நாலைந்து வரிசை தூரம் இருந்தபடியே சறுக்கினேன். எழும்பியபோது பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்டது.

அவர் இரண்டு வரிசைக்கு நடுவில் சேற்றில் இருந்தார். முழங்கையில் இரத்தம். கையில் திறப்பு இல்லை. என்னைக் கண்டதும் எழும்ப முயலவில்லை.

"நான் அந்த ட்ராக்டரைக் காணேல்லை" என்றார்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் வந்தேன்.

"ஹோர்ன் கேட்டது. எந்தப் பக்கத்தாலை வருது எண்டு தெரியேல்லை. சும்மா திருப்பினனான். அந்தப் பக்கம் திருப்பியிருந்தா..." கீழே கையைக் காட்டினார். பனிக்குள் எதுவும் தெரியவில்லை. "அக்காவிட்டைச் சொல்லிப்போடாதை."

"அவவுக்குத் தெரியும் அத்தான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் முகத்தைப் பார்க்கவில்லை. என்னை ஊட்டி வளர்த்த மாதிரி வைத்திருந்த மனிதரை அந்த நிலையில் நிமிர்ந்து பார்க்க மனம் வரவில்லை. கையைக் கொடுத்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, மேலே ஏறினார்.

கிராமத்தில் வாடகைக்குக் கார் ஓடும் ஒருவரை அந்தச் சீட்டுக்காரப் பெண் கூப்பிட்டுத் தந்தாள். அத்தான் முன்னால் ஏறினார், நாங்கள் இரண்டு பேரும் பின்னால். அதே பாதை, அதே வளைவு. நசுங்கிய பழங்கள் வீதியில் இன்னும் கிடந்தன. அக்கா கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தா, கீழே இறங்கும்வரை விடவில்லை. அடுத்த நாள் கார்க் கொம்பனிக்காரர் மாற்றுத் திறப்போடு வந்து, எங்கள் பைகளைத் தந்துவிட்டுக் காரைக் கொண்டுபோனார்கள். எறிந்த திறப்பு கிடைக்கவே இல்லை.

நான் கனடாவுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அக்கா மாட்டேன் என்றா. "மிச்சக் கோட்டையளையும் பாத்திட்டுத்தான் வருவன். பிள்ளையள் எவ்வளவு ஆசையா அனுப்பினதுகள்." நாங்கள் இரண்டு பேரும் பஸ் பிடித்துப் போனோம். அத்தான் அறையைப் பூட்டிக்கொண்டு படுத்திருந்தார். கடைசி நாள் மட்டும், நாங்கள் புறப்படும் நேரம் முகம் கழுவி வெளிக்கிட்டு வந்து வாசலில் நின்றார். கேட்காமலே பஸ்ஸில் ஏறினார். அந்தக் கோட்டையில், வாசலுக்கு மேலே இருந்த ஒரு துவாரத்தைக் காட்டி, "இதுக்குள்ளாலைதான் கல்லுப் போடுறவங்கள்" என்றார், யாருக்கு என்று இல்லாமல். அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு "ம்" என்றா. அந்த நாட்களில் அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

ரொறன்ரோ விமான நிலையத்தில் அக்காவின் மகன் தகப்பனின் காரோடு வந்திருந்தான். என் கணவரும் வந்திருந்தார். அக்கா நேராக எங்கள் காரடிக்கு வந்து பெட்டியைத் தூக்கி வைத்தா. "அம்மா, what's going on?" என்று மகன் ஓடிவந்தான். "நான் சித்தி வீட்டை கொஞ்சநாள் நிக்கப் போறன். அப்பா சொல்லுவார்" என்றா. அத்தான் சொல்லவில்லை. நான்தான் அக்காவின் மகளுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் "Finally, சித்தி" என்றாள். அவளும் அவ்வளவு காலமும் பின் சீற்றில் இருந்து வளர்ந்த பிள்ளைதானே.

சொந்தக்காரர் தொலைபேசி எடுத்தார்கள். இந்த வயதில் என்ன கோபம், ஊர் சிரிக்கும், நீயாவது புத்தி சொல்லக் கூடாதோ என்றார்கள். அக்கா எங்கள் சின்ன அறையில் நிம்மதியாகத் தூங்கினா. நான்தான் தூங்கவில்லை. அவர் தனியே குடித்துவிட்டுக் காரை எடுப்பாரோ என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் எழும்பி ஓடினேன்.

டிசம்பரில் நத்தாருக்குக் கிட்டவாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழேயிருந்து யாரோ பஸரை அழுத்தினார்கள். அத்தான். சப்பாத்து நனைந்து, காதெல்லாம் சிவந்துபோய் வந்து நின்றார். அக்கா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தா.

"கார் எங்கை?"

"மகளிட்டைக் குடுத்திட்டன். பஸ்ஸிலைதான் வந்தனான்."

றிச்மண்ட் ஹில்லில் இருந்து ஸ்காபரோவுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருவது என்றால் பாதி நாள் போய்விடும். அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. நான் அழுக்கு உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். சாப்பிட்டுவிட்டுத் தனியாகத்தான் போனார். அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கு அடுத்ததும். தைப்பொங்கல் முடிந்துதான் அக்கா அவரோடு போனா. அன்றைக்கும் பஸ்ஸில்தான். என் கணவர் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லியும் அக்கா வேண்டாம் என்றுவிட்டா.

அத்தான் குடியை விடவில்லை. குறைத்திருக்கிறார் என்று அக்கா சொல்கிறா. என்னோடு மரியாதையாகப் பேசுகிறார். முன்னைப் போலப் பகிடி விட்டுச் சிரிப்பதில்லை.

நேற்று அக்கா தொலைபேசி எடுத்தா. பின்னால் வீடியோச் சத்தம், யாரோ எந்தக் கோட்டையையோ முற்றுகையிட்டுக்கொண்டு இருந்தார்கள். அக்கா குரலைத் தாழ்த்தினா.

"காரைத் திருப்பித் தரச்சொல்லி மகளிட்டைக் கேட்டிருக்கிறார். கடைக்குப் போகமட்டுமாம்."

நான் உடனே சொன்னேன், "நீ வேண்டாம் எண்டு சொல்லு அக்கா."

"சொல்லிப்போட்டன்" என்றா. "சொல்லிப்போட்டுத்தான் உனக்கு எடுக்கிறன்."